வீட்டுக்குள் வந்தாரா, தெருமுனையில் நின்றாரா?

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு பெண் ஊழியர் வருகிறார். பிள்ளையை எடை போடுகிறார், தாய்ப்பால் பற்றியும் இணை உணவு பற்றியும் தடுப்பூசி பற்றியும் அம்மாவிடம் பேசுகிறார். இன்று அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் செய்யும் இந்த வேலையை, அரசு போடும் சலுகை என்றே நம் மக்களில் பலர் நினைக்கிறார்கள். இந்த வேலைக்கு நம் பகுதியை ஒட்டியே ஒரு வரலாறு இருக்கிறது. இளைய தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1980 இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட இடம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியம். அன்று உத்தமபாளையமும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996 இல்.

அந்தத் திட்டம் குறிவைத்தது 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான பிள்ளைகளை. காரணம் எளிது. பள்ளிக்கூடத்தில் சோறு போடும்போது பிள்ளைக்கு ஐந்து வயது ஆகியிருக்கும். வளர்ச்சி தேங்குவதோ அதற்கு வெகு முன்னால், பால் போதாமல் கஞ்சியும் கிடைக்காமல் இருக்கும் மாதங்களில். 1982 இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும்கூட இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். அதற்கும் கீழே இருக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

போனவர் யார்? சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர் என்று பெயர். அதே ஊரில் வசிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்தவர் என்றால் முன்னுரிமை. இந்த விதியை நாம் மிகவும் மதிக்கிறோம். நமக்குத் தெரிந்து, ஏழைத் தாயின் அனுபவத்தையே தகுதியாக ஏற்றுக்கொண்ட அரசு விதிகள் அபூர்வம். இரண்டு மாதப் பயிற்சியில் தராசை மாட்டுவது, எடையை அட்டையில் புள்ளி வைப்பது, கோடு ஏறுகிறதா நிற்கிறதா என்று தாய்க்குக் காட்டுவது எல்லாம் கற்றுத் தரப்பட்டன. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் வந்து பதிவேட்டைத் திருத்துவதோடு நிற்காமல், வேலை நடக்கும் இடத்திலேயே சொல்லிக்கொடுத்தார். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாட்கள் சத்துருண்டை. பின்னால் செய்த மதிப்பீடுகளில், திட்டப் பகுதிகளில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாகத் தெரிந்தது.

சரி, "அதே ஊர்" என்றால் எந்த ஊர்? அரசு ஆவணத்தில் ஊர் ஒன்று. நிலத்தில் ஊர் வேறு, சேரி வேறு. எடை போட வீட்டுக்கு வருவார்கள். சத்துருண்டையையோ மையத்துக்கு வந்து சாப்பிட வேண்டும். மையம் ஊர்த்தெருவில் இருந்தால் நம் பிள்ளை அங்கே போய் எங்கே உட்காரும்? பயிற்சியில் தராசு இருந்தது, சாதி இல்லை. வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தொடாமல் அட்டையை நிரப்பிப் போவதும் பதிவேட்டில் "வீட்டுச் சந்திப்பு" என்றே ஏறும்.

இது நம் கற்பனை அல்ல. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மருத்துவச் சேவை பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. மருந்து கொடுக்கும்போது தொடாமல் கொடுப்பதும், வீடுகளுக்குள் நுழையாமல் தவிர்ப்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன.

மறுபக்கமும் உண்டு. ஊழியர் தலித் பெண்ணாக இருந்தால் ஊர்த்தெரு அவரை ஏற்குமா? 2018 இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சாதி இந்துக்கள் எதிர்த்தது நாடறிந்த செய்தி. சொற்ப ஊதியத்தில் வேலை செய்யும் பணியாளர்மீது பழியைப் போட்டுவிட்டு நாம் நகர முடியாது. அவருக்குப் பயிற்சி தந்தவர்கள் இதைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கல். விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் திரும்புவது பொழுது சாயத்தான். பகல் பதினொரு மணிக்கு வரும் ஊழியர் யாரிடம் பேசுவார்? பாட்டியிடமோ, தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்குப் போகாத அக்காவிடமோதான். "தாய் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவது சுலபம். கூலி போனால் இரவுச் சோறு போகும் வீட்டில், தாய் இருக்கும் நேரம் பார்த்து வருவதும் பயிற்சியில் சேர வேண்டாமா? அவர் வீட்டுக்கு வரும் மாலை வேளையில் ஊழியரை அனுப்பினால் அதற்கு ஊதியமும் தர வேண்டும்.

உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபர் 7 அன்று, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் கூடிய விரைவில் அங்கன்வாடி அமைய வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13 உத்தரவு இன்னும் தெளிவு: ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். மையம் நம் தெருவில் இருந்தால், அங்கிருந்து கிளம்பும் ஊழியருக்கு முதல் வீடு நம் வீடுதான்.

உத்தமபாளையம் வட்டத்துத் தோழர்கள் இந்த விடுமுறையில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். கடைசியாக ஊழியர் எப்போது வந்தார், உள்ளே வந்தாரா என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 40 பேர் இருந்து மையம் இல்லையென்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.