மலைபடுகடாம் காட்டும் தேன் தேறல்

தேன் தேறல் என்பது மலைத்தேனைப் புளிக்கவைத்து மூங்கில் குழாயில் முதிரச் செய்த பழந்தமிழ் மது. ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கம் பகுதியைப் பாடும் மலைபடுகடாம் இதைப் பற்றிய முக்கியமான இலக்கியச் சான்று. 'தேறல்' என்ற சொல் தெளிந்த மதுவைக் குறிக்கும். கலங்கலான கள்ளிலிருந்து இது வேறுபட்டது.

இலக்கியச் சான்று

மலைபடுகடாம் பத்துப்பாட்டின் இறுதிப் பாடல். 583 அடிகள் கொண்டது. கூத்தராற்றுப்படை என்றும் அழைக்கப்படும். பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், பாடலில் வரும் நவிரமலை பர்வதமலை என்றும் அறிஞர்கள் கருதுகின்றனர். பாடல் குறிப்பிடும் சேயாறு ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியாகப் பாயும் செய்யாறு ஆகும்.

நன்னனிடம் பரிசு பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழியில் கிடைக்கும் விருந்தைப் பாடல் விரிவாகக் கூறுகிறது. மலைச் சிற்றூரில் மூங்கிலில் விளைந்த தேன் தேறலைக் குறைவின்றிப் பருகலாம். மறுநாள் விடியலில் மதுவின் மயக்கம் தீரக் குறமகள் உணவு தருவாள். மூங்கிலரிசிச் சோறு, பலாக்கொட்டை, கடமான் இறைச்சி, முள்ளம்பன்றி இறைச்சி, புளி, மோர் ஆகியவை அந்த உணவில் சேரும். சமவெளியில் மது வேறுவிதமாகக் கிடைக்கிறது. அங்கே உழவர்கள் நெற்களத்தில் இளவெயில் நேரத்தில் குடங்களிலிருந்து தேறலை வார்த்துத் தருவர். இரு இடத்திலும் மது விலைப்பொருளாகக் காட்டப்படவில்லை. வழிப்போக்கருக்கு அளிக்கும் உணவின் பகுதியாகவே வருகிறது.

செய்முறை

நச்சினார்க்கினியர் தம் உரையில், மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேனால் ஆன கள்ளின் தெளிவு என இதை விளக்குகிறார். பத்துப்பாட்டை இவ்வுரையுடன் உ.வே. சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்தார்.

முதிர்ந்த தேனில் நீர் மிகக் குறைவு. ஆகவே அது எளிதில் புளிக்காது. நீர் கலந்தால் ஈஸ்ட்கள் பெருகிச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றும். கணுவால் அடைபட்ட மூங்கில் இயற்கையான கலமாகப் பயன்படும். அரிசி மதுவுக்குக் கூடுதலாக ஒரு படி வேண்டும். பெரும்பாணாற்றுப்படை அதைக் கூறுகிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆறவைத்து, முளை கட்டிய தானியத்தின் மாவைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியில் முதிர்ந்தபின் பிழிந்தெடுப்பர்.

பாறையும் மதுவும்

ஐரோப்பாவில் கருங்கல் மண்ணுக்கும் மதுவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஸ்பெயினின் கலீசியா பகுதியில் கருங்கல் சிதைந்த மண்ணில் நூறாண்டு கடந்த அல்பரின்யோ திராட்சைக் கொடிகள் வெள்ளை ஒயினுக்குக் கனி தருகின்றன. ஜவ்வாது மலையும் பழமையான கடும்பாறைகளால் ஆனது. ஆனால் மலைபடுகடாமில் திராட்சை இல்லை. இம்மலைநாட்டின் பாறை தந்தது தேன். மலைத்தேனீ செங்குத்தான பாறை முகப்புகளிலும் உயர்ந்த மரங்களிலும் பெரிய அடை கட்டும்.

திராட்சை மது தமிழ்நாட்டுக்குக் கடல்வழியே வந்தது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்துவதைப் புறநானூறு 56-ஆம் பாடல் சொல்கிறது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அரண்மனையில் இறக்குமதி மதுவும் மலையில் சொந்த மதுவும் வழங்கிய காலம் அது.

சட்டமும் மறைவும்

1886-இன் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ் மது காய்ச்சவும் விற்கவும் உரிமம் தேவைப்பட்டது. மது அரசு வருவாயின் ஊற்றாயிற்று. 1937-இல் ராஜாஜி அரசு மதுவிலக்குச் சட்டத்தை இயற்றிச் சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைப்படுத்தியது. 1939-இல் அது வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் நீண்டது. ஜவ்வாது மலை அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. மது விற்பனை அரசின் கைக்கு வந்த பிறகும் வீட்டில் மது செய்வது குற்றமாகவே நீடிக்கிறது.

இந்தியாவின் வேறு சில மாநிலங்கள் மாற்று வழியை எடுத்துள்ளன. அசாமின் திமாசா மக்களுடைய அரிசி மதுவான ஜூதிமா 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. மத்தியப் பிரதேசம் பழங்குடியினரின் இலுப்பைப்பூ மதுவைப் பாரம்பரிய மதுவாக அறிவித்துள்ளது. கள்ளச்சாராயச் சாவுகளைக் கண்ட தமிழ்நாட்டில் சட்டத்தின் கடுமைக்குக் காரணம் உண்டு. எனினும் அச்சட்டம் நச்சுச் சாராயத்தையும் புளிக்கவைத்த பழைய மதுவையும் பெரிதாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் இன்றும் தேன் எடுக்கின்றனர், சாமை விளைவிக்கின்றனர். தேன் சந்தைக்குப் போகிறது. அதிலிருந்து தேறல் செய்த முறைக்கு மலைபடுகடாமும் அதன் உரையுமே சான்றாக நிற்கின்றன.