வீட்டுப் பள்ளியும் விளையாட்டுப் பொருள்களும்

தமிழகத்தை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. குழந்தைக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. இன்னும் சிறிது காலத்தில் அது பள்ளிக்குச் செல்லும். அங்கே இந்தியோ, மராத்தியோ, வங்காளியோ, ஆங்கிலமோ பயிலும். தமிழுக்கு வீடு ஒன்றே பள்ளி. அந்தப் பள்ளிக்கு எந்தப் புத்தகத்தை வாங்குவது? எந்த விளையாட்டுப் பொருளைத் தேடுவது? தில்லி கரோல் பாகிலும், மும்பை மாட்டுங்காவிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழும் பெற்றோர் கேட்கும் கேள்வி இதுவே. ஊருக்குச் சென்று திரும்புகையில் ஆசையோடு வாங்கி வந்த அரிச்சுவடியும் படஅட்டைகளும், ஒரு வாரம் கழித்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நேர்ந்த பிழை எது? இதற்கு விடை காண, இக்கேள்வியை நமக்கு முன்னர் எழுப்பியவர்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம்.

சிறு குழந்தையின் வீட்டுக் கல்வியைப் பற்றி விரிவாக எழுதியவர்களுள் முற்பட்டவர் கொமேனியஸ் என்னும் பெரியார். இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் 1592-இல் பிறந்தவர். சமயப் பூசலின் காரணமாக 1628-இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி, போலந்து, ஹங்கேரி, ஹாலந்து என்று பல நாடுகளில் வாழ்ந்து, 1670-இல் அயல்மண்ணிலேயே மறைந்தார். தாய்மடியே முதல் ஆறு ஆண்டுகளுக்குப் பள்ளி என்பது அவருடைய கொள்கை. அதனை விளக்கி அவர் எழுதிய நூல் 1633-இல் ஜெர்மன் மொழியில் அச்சேறிற்று. கல், நீர், செடி, விலங்கு ஆகியவற்றின் பெயர்கள், சூரியன், சந்திரன், சிறிய எண்ணிக்கை, பாட்டு, கதை, விளையாட்டு ஆகியவையே அப்பள்ளியின் பாடங்கள். ஊரை விட்டுப் பிரிந்த ஒருவரே இதனை எழுதினார் என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தியாகும்.

அவரே 1658-இல் நியூரம்பெர்க் நகரில் படங்கள் நிறைந்த பாடநூல் ஒன்றையும் வெளியிட்டார். ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு படம். படத்தில் உள்ள பொருள்களுக்கு எண். அவ்வெண்களுக்கு நேரே ஒரு புறம் இலத்தீன், மறுபுறம் ஜெர்மன். எழுத்துகளைக் கற்பிக்கும் பகுதியிலோ, காகம் கரையும் ஒலி ஓர் எழுத்துக்கு, ஆடு கத்தும் ஒலி இன்னோர் எழுத்துக்கு என்று, குழந்தை ஏற்கெனவே கேட்டறிந்த ஒலிகளிலிருந்தே தொடங்கினார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதும், ஒரு பொருளை இரு மொழிகளில் அறிவதும் குழந்தைக்குச் சுமையல்ல என்பதை அந்நூல் அன்றே உணர்த்திற்று.

இனி, நம் சென்னைக்கு வருவோம். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வாயால் அதன் ஒலியைச் சொல்லிக் கற்றனர். கை தேறிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வரும். 1789-இல் எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், ஒரு நாள் இத்தகைய பள்ளி ஒன்றைக் காண நேர்ந்தது. மணலில் எழுதும் முறையைத் தம் இல்லத்திலும் நடத்தும்படி அவர் கூறியபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் அது ஆகாது என்றனர். அவரோ எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, எழுத்தறியாத சிறுவர்களுக்கு அவனையே கற்பிக்கச் செய்து வெற்றி கண்டார். தாயகம் திரும்பி 1797-இல் இச்சோதனையைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூலிலிருந்து ‘மதராஸ் முறை’ என்ற பெயர் இங்கிலாந்தில் பரவிற்று. அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு ஸ்காத்லாந்தில் 1830-களில் தோன்றிய பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகின்றது.

நம் திண்ணைப் பள்ளியில் எல்லாமே சிறப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. பொருள் விளங்காத மனப்பாடமும், பிரம்படியும் அங்கே உண்டு. பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கும், தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கும் அத்திண்ணை எட்டாத உயரத்தில் இருந்தது. ஆயினும், காசு செலவில்லாத அந்த மணல் ஓர் அரிய கருவி. தவறாக எழுதினால் அழிப்பதற்கு ஒரு கைவீச்சுப் போதும். அச்சமின்றி மீண்டும் எழுதலாம்.

ஐரோப்பாவில் அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ரிக் புரோபெல். 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் இளங்குழந்தைகளுக்காக நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயரிட்டார். குழந்தைகளுக்கு அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்கு ‘பரிசுகள்’ என்று பெயர். முதற் பரிசு, நூலால் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரித்துப் பின் ஒன்றாகச் சேர்க்கக்கூடிய கனசதுரம். 1844-இல் தாய்மார்களுக்கென்றே விரல் விளையாட்டுப் பாடல் நூல் ஒன்றையும் வெளியிட்டார். பிரஷ்ய அரசு 1851-இல் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. 1860-இல்தான் தடை நீங்கிற்று. அதற்குள் புரோபெல் காலமாகிவிட்டார். அவர் வழிவந்தவர்களுள் சிலர், கட்டையை இப்படித்தான் வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டு விளையாட்டையே பயிற்சியாக்கிவிட்டனர். நல்ல பொருளும் கண்டிப்பின் கையில் சிக்கினால் உயிரிழந்துவிடும் என்பதற்கு இது சான்று.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியின் ஏழைகள் வாழும் பகுதியான சான் லொரென்சோவில் தம் முதற் குழந்தை இல்லத்தைத் திறந்தார். அவர் அமைத்த கருவிகளின் சிறப்பு, பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, கருவியே காட்டிவிடும் என்பதாகும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள பத்துக் கட்டைகளைக் கோபுரமாக அடுக்கும் குழந்தை, வரிசை தவறினால் தானே கண்டுகொள்ளும். எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தையை விரலால் தடவச் செய்தார். நம் மணல் எழுத்துக்கு அது உறவுதானே!

அம்மையாருக்கும் தமிழகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டவர் என்ற முறையில் அவருக்குக் கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டுச் சில வாரங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, அங்கும் குழந்தைகளோடு பணியாற்றினார். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சுற்றிலும் ஒலிக்கும் மொழியை முயற்சியின்றியே ஈர்த்துக்கொள்கின்றது என்று அவர் விளக்கிய புகழ்பெற்ற நூல் 1949-இல் சென்னை அடையாற்றிலேயே முதன்முதலாக வெளிவந்தது. நம் குழந்தைகளுக்கு இக்கருத்து எவ்வளவு பொருந்துகின்றது! வீட்டில் தமிழ் ஒலித்தால் தமிழை ஈர்க்கும். ஒலிக்காவிடில், ஈர்ப்பதற்கு என்ன இருக்கின்றது?

ஆயினும் மாண்டிசோரிக் கருவிகள் விலை மிகுந்தவை. இந்திய நாட்டின் நிலைக்கு அவற்றை இசைவித்தவர்களை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். குஜராத்தில் வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா, தம் மகனின் கல்வியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கி, மாண்டிசோரி நூல்களைக் கற்று, 1920-இல் பாவ்நகரில் பால மந்திரத்தை நிறுவினார். கதையும் பாட்டும் நாடகமும் குஜராத்தி மொழியிலேயே அங்கு முழங்கின. ‘மீசை வைத்த தாய்’ என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர்.

அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் மகாராஷ்டிரக் கடலோர ஊரான போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியே அவர்கள் குடிசை முற்றத்துக்குச் சென்றது. முற்றத்துப் பள்ளி என்னும் பொருளில் ‘அங்கன்வாடி’ என்ற சொல் அவ்விதம் வழக்கிற்கு வந்தது. வாங்கிய கருவிகளின் இடத்தை இலை, விதை, கூழாங்கல், கிளிஞ்சல் முதலியவை பெற்றன. 1957-இல் இப்பணி கோஸ்பாட் என்ற ஊருக்கு மாறிற்று. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அங்கன்வாடி என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று. 2023-இல் மத்திய கல்வித் துறை மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக வெளியிட்ட ‘ஜாதூயி பிடாரா’ என்னும் மாயப்பெட்டியிலும், பொம்மை, புதிர், கதைப்புத்தகம், படஅட்டை ஆகியவையே இடம்பெற்றுள்ளன. கொமேனியஸ் காலத்து எண்ணம் இன்றும் மாறவில்லை.

நேயர்களே, இந்த நெடிய வரலாறு நமக்குச் சொல்வது என்ன? பொருளின் விலை குழந்தையை உயர்த்தவில்லை. அப்பொருளைச் சுற்றி எழுந்த பேச்சே உயர்த்திற்று. ஆகவே, நம் வீட்டுக்கு ஒரு பொருளைக் கொணருமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, அது குழந்தையின் கைக்கு ஏற்றதா? சொப்புச் சாமான்கள், மரப்பாச்சி, மரக்கட்டைகள் ஏற்றவை. பல்லாங்குழி எண்ணக் கற்பிக்கும் சிறந்த பலகை. ஆனால் சோழியையும் புளியங்கொட்டையையும் வாயில் போடும் வயதுக் குழந்தையிடம் தரலாகாது.

இரண்டாவது, அது பிழையைத் தானே காட்டுகின்றதா? ஒன்றினுள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், நம் சமையலறையிலேயே உள்ளன. பெரியதைச் சிறியதனுள் வைக்க இயலாது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. எழுத்துக்கு ஒரு தட்டில் ரவையைப் பரப்பிக் கொடுத்தால் அதுவே மணல். ட, ப, ம போன்ற எளிய வடிவங்களை முதலில் விரலால் வரையட்டும். சிலேட்டும் பலப்பமும் பின்னர் வரலாம்.

மூன்றாவது, படத்தில் உள்ளது குழந்தை கண்ட பொருளா? ‘உ’ என்ற எழுத்துக்கு உரலைக் காட்டும் அட்டை, உரலையே காணாத தில்லிக் குழந்தைக்கு இரட்டைப் பாடம். உப்பைக் காட்டுவோம், நாவில் ஒரு துளி வைத்தும் காட்டலாம். உரலை, ஊருக்குப் போகும்போது நேரில் காட்டுவோம். பழைய அரிச்சுவடிகளை அன்போடு போற்றி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணை, லை, ளை, னை, றா, னா முதலிய எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். அவை பாட்டி படித்துக் காட்டுவதற்கு உரியவை. குழந்தை எழுதிப் பழகுவதற்கு இன்றைய வடிவமே வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: அப்பொருள் தமிழில் பேச்சை எழுப்புகின்றதா? தானே பாடித் தானே ஒளிரும் பொம்மை குழந்தையை வாய் மூடிப் பார்க்கச் செய்கின்றது. சொப்புச் சாமானோ சோறு வடிக்கச் சொல்கின்றது, குழம்பு கூட்டச் சொல்கின்றது, விருந்தினரை ‘வாருங்கள், அமருங்கள்’ என்று அழைக்கச் சொல்கின்றது. பக்கத்து வீட்டுக் குழந்தை இந்தியில் பேசிக்கொண்டு வந்து அவ்விளையாட்டில் சேர்ந்தால் அஞ்ச வேண்டாம். ஒரு படத்துக்கு இரு பக்கங்களிலும் பெயர் எழுதிய கொமேனியஸை நினைத்துக்கொள்வோம்.

பொருள்கள் பல வேண்டா, ஐந்தாறு போதும். ஆனால் அவற்றோடு நாள்தோறும் அரை மணி நேரம் பெரியவர் ஒருவர் தரையில் அமர வேண்டும். அரை மணி நேரத் தமிழ் தண்டனையாக அமைந்தால், பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும் குழந்தை அதனை உதறிவிடும். விளையாட்டாக அமைந்தால், வளர்ந்த பின்னும் அதன் நாவில் தங்கும். நம் பேரக்குழந்தைகள் நம்மோடு எம்மொழியில் பேசுவார்கள் என்பது இந்த அரை மணி நேரத்தைப் பொறுத்ததே.

சென்னைத் திண்ணையில் ஒரு குழந்தையின் விரல் மணலில் வரைந்த கோடு, கடல் கடந்து ஸ்காத்லாந்து வரை சென்றது. அக்கோடு, நம் அடுத்த தலைமுறையின் கைக்கும் வந்து சேரட்டும். அதற்கு ஒரு தட்டும், ஒரு பிடி ரவையும், பக்கத்தில் அமர்ந்து பேசும் நாமும் போதும்.