மத்தியான மாத்திரை

பதிவு கொஞ்சம் நீளம்தான். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா தினமும் மதியம் 12 மணிக்கெல்லாம் ஒரு சின்னப் பையோடு பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார். பேத்திக்கு டைப் 1 சர்க்கரை. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். "பள்ளிக்கூடத்துலயே வெச்சுப் போடக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பயப்படறாங்க டீச்சர். நானே போயிட்டு வந்துர்றேன்" என்றார். அன்றிலிருந்து பழைய நினைவுகள் கிளம்பிவிட்டன.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் மருத்துவப் பரிசோதனை நடந்தது 1909இல், பரோடாவில். மேச்சேரிப் பக்கம் எனக்குத் தெரிந்து முதலில் வந்தது ஊசிதான். 1960களின் கடைசியில் நான் யூனியன் பள்ளியில் படித்தபோது, அம்மை குத்துகிறவர்கள் ஜீப்பில் வருவார்கள். ஜீப் சத்தம் கேட்டதுமே பையன்கள் பின் சுவர் ஏறிக் குதித்து சோளக்காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். வாத்தியார் வாசலில் குறுக்கே நிற்பார். கையில் ஒரு திருகுக் கருவியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அந்த வட்டத் தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது. வீட்டில் யாரையும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. பி.சி.ஜி. ஊசியைப் பிள்ளைகளுக்குக் கூட்டமாகப் போடக் கூடாது என்று 1955இல் எதிர்த்து எழுதியவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், நம்மூர்க்காரர் மாதிரிதான். நல்லா இருக்கிற பிள்ளை உடம்பில் உயிருள்ள கிருமியை ஏற்றலாமா என்பது அவர் கேள்வி. அவரைப் பிற்போக்கு என்று பலர் திட்டினார்கள். 1968இல் செங்கல்பட்டுப் பக்கம் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அதே சமயம் கைக்குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காக்கிறது என்பதால் இன்றும் பிறந்ததும் போடுகிறோம். ராஜாஜி சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கேட்டதில் தப்பில்லை என்கிறேன்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி வந்தபோது அதே கேள்வி வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே ஆயிரம் பொய்யும் வந்தது. ஊசி நாளன்று பாதி வகுப்பு காலி. வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். கடைசியில் தேதியை மார்ச் வரைக்கும் நீட்டித்தார்கள்.

நடுவில் மாத்திரைகளும் வந்து சேர்ந்தன. 2013 வாக்கில் வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை. சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ், பெரிய பிள்ளைகளுக்கு நீலம். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அதனால் சத்துணவுக்குப் பிறகுதான் கொடுப்போம். மலம் கறுப்பாகப் போகிறது என்று தாய்மார்கள் பதறி ஓடி வருவார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நானே ஒன்றை விழுங்கிக் காட்டுவேன். 2015இலிருந்து குடற்புழு நீக்க நாள் என்று அல்பெண்டசோல், அதை மென்று தின்ன வேண்டும். எல்லாவற்றுக்கும் ரெஜிஸ்டர் உண்டு, கட்டம் உண்டு, கையெழுத்து உண்டு.

கட்டம் இல்லாத மாத்திரை ஒன்றையும் நான் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

1990இல் என் வகுப்பில் வலிப்பு உள்ள பையன் ஒருவன் இருந்தான். நாலாம் வகுப்பு. மூன்று வேளை மாத்திரை. அவன் அம்மா தறிக்குப் போகிறவர், மத்தியானம் வர முடியாது. "டீச்சர், இத மட்டும் குடுத்துருங்க" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "ஏதாச்சும் ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். விதியில் எங்குமே அப்படி ஒன்று இல்லை. நான் யாரிடமும் சொல்லாமல் சாக்பீஸ் டப்பாவில் வைத்துக் கொடுத்து வந்தேன்.

1991 தொடக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். மூன்று நாள். டப்பாவைப் பற்றிப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போகத் தோன்றவில்லை. சொன்னால் நான் கொடுப்பது வெளியே தெரிந்துவிடும் என்று உள்ளூர ஒரு பயம். மூன்றாம் நாள் மதியம் தண்ணீர்த் தொட்டி ஓரம் விழுந்திருக்கிறான். கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். இரும்பால் வலிப்பு நிற்காது, ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையில் அடிபடாமல் பார்த்தால் போதும் என்று எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நெற்றியில் தையல். பிறகு அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

1902இல் நியூயார்க்கில் டாக்டர்கள் பள்ளிகளைச் சோதித்து, நோயுள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்களாம். வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். அப்புறம் லினா ராஜர்ஸ் என்ற நர்ஸைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கேயே மருந்து போட்டு வகுப்புக்கு அனுப்ப, வராத பிள்ளைகளின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. நம் ஊரில் 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. குழு நல்ல திட்டம். வேனில் வந்து பார்க்கிறார்கள். வலிப்பு, இளைப்பு, இதய வால்வு நோய் எல்லாம் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. கண்டுபிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே எழுதிக் கொடுக்கிற மத்தியான மாத்திரையை வேன் போன பிறகு யார் கொடுப்பது?

சர்க்கரை உள்ள பிள்ளைகள் தேர்வறைக்குத் தின்பண்டம் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. சொன்னது 2017இல். இன்சுலினும் குளுக்கோமீட்டரும் வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்று உத்தரப் பிரதேச அரசு உத்தரவு போட்டது 2023இல். இன்சுலின் வந்தது 1922இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று அந்த அம்மாவோடு நானும் பள்ளி வரை நடந்து போனேன். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் பேத்தி வந்து நின்று, சட்டையைக் கொஞ்சம் தூக்கி, தானே வயிற்றில் போட்டுக்கொண்டாள். பாட்டி மறைப்பாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெல் அடித்தது, ஓடிவிட்டாள்.

பணியில் இருக்கும் ஆசிரியர் நண்பர்களே, உங்கள் பள்ளியில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தத் தலைமையாசிரியரைப் பார்க்க வருகிற திங்கட்கிழமை போகிறேன்.