கோடை விடுமுறையும் தொழிலாளர் குடும்பமும்: பிரான்சின் 1936ஆம் ஆண்டு அனுபவம்

சிறு குழந்தைகளையும் உடனழைத்துக்கொண்டு குடும்பமாகக் கடற்கரைக்கோ மலைச்சாரலுக்கோ சென்று, கூடாரமடித்துத் தங்கிச் சில நாட்களைக் கழித்து மீளுதல் இன்று பல நாடுகளிலே சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது. சாதாரணமாகிவிட்டவற்றின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. போர்களையும் ஒப்பந்தங்களையும் ஆண்டு தவறாது குறித்துவைக்கும் வரலாற்று நூல்கள், ஆலைத் தொழிலாளி ஒருவன் தன் குழந்தைக்கு முதன்முதலாகக் கடலைக் காட்டிய நாளைக் குறிப்பதில்லை. ஆயினும் அந்நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. வேலைநிறுத்தம், சட்டம், புகையிரதக் கட்டணம், பாடசாலை விடுமுறை ஆகிய யாவும் அதனுள் அடங்கும். பிரான்சு நாட்டிலே 1936ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்தவற்றை ஆதாரமாகக் கொண்டு அவ்வரலாற்றின் ஒரு பகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வு யாருக்குரியதாயிருந்தது?

ஐரோப்பாவிலே கோடைகாலத்தைக் கடற்கரையிற் கழிக்கும் வழக்கத்தைப் பரவச்செய்தது புகையிரதமாகும். 1863இல் பாரிசிலிருந்து நோர்மண்டிக் கரையிலுள்ள துரூவில் வரை இருப்புப்பாதை நீட்டப்பட்டது. அதன் அயலிலே அதே காலப்பகுதியில் டோவில் என்னும் உல்லாச நகரம் எழுந்தது. செல்வர் குடும்பங்கள் குழந்தைகளுடனும் செவிலியருடனும் பணியாட்களுடனும் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், அங்கு தங்கின. இவர்களது வருவாய் நிலத்திலிருந்தும் முதலீட்டிலிருந்தும் கிடைத்தமையால் ஓய்வு அவர்களது வருவாயைக் குறைக்கவில்லை.

அரசாங்க உத்தியோகத்தர்க்கு 1853ஆம் ஆண்டிலேயே, மூன்றாம் நெப்போலியனது ஆணை ஒன்றின் மூலம், ஆண்டுக்கு 15 நாட் சம்பள விடுமுறை கிட்டியது. பாரிசு நகரின் நிலக்கீழ்ப் புகையிரத ஊழியர் 1900ஆம் ஆண்டளவில் இவ்வுரிமையைப் பெற்றனர். ஆனால் ஆலைத் தொழிலாளர்க்கோ வேலையில்லா நாள் கூலியில்லா நாளாகவே இருந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதுகூட 1906ஆம் ஆண்டிலேதான் சட்டமாயிற்று. அதன் பயனாக ஞாயிற்றுக்கிழமைகளிலே பாரிசுத் தொழிலாளர் குடும்பங்கள் மார்ண், சேன் ஆகிய ஆறுகளின் கரைகளுக்கு உணவுக் கூடைகளுடன் சென்றன. காலையிற் சென்று மாலையில் மீளக்கூடிய தூரமே அவர்களது உலகின் எல்லையாக அமைந்தது. நீண்ட ஓய்வு கிடைப்பின் அது வேலையில்லாத் திண்டாட்டத்தின் விளைவாகவே கிடைத்தது. அத்தகைய ஓய்விலே குடும்பத்தை உல்லாசப் பயணத்துக்கு அழைத்துச்செல்ல எவராலும் இயலாதென்பது வெளிப்படை.

குழந்தைகள் தனியே சென்ற காலம்

தொழிலாளர் குழந்தைகள் 1936க்கு முன்னர் கடலையோ மலையையோ காணவேயில்லை என்று கூறுதல் பொருந்தாது. கண்டனர், ஆயின் நோயாளிகளாகவும் இரக்கத்துக்குரியோராகவுமே கண்டனர். 1861இல் வட பிரான்சின் பெர்க் என்னுமிடத்தில், சயரோகத்தின் வேறுபட்ட வடிவங்களாற் பீடிக்கப்பட்ட பாரிசு நகர ஏழைக் குழந்தைகளுக்கெனக் கடற்கரை வைத்தியசாலை ஒன்று நிறுவப்பட்டது. 1876இல் சுவிற்சலாந்தின் சூரிச் நகரத்தைச் சேர்ந்த பியோன் என்ற மதபோதகர் 68 ஏழைக் குழந்தைகளை அப்பன்செல் மலைப்பகுதிக்குக் கோடையிலே அழைத்துச்சென்றார். விடுமுறைக் குடியிருப்பு என வழங்கும் அமைப்பின் தோற்றம் இதுவே என்பர். பிரான்சில் 1881இல் லொறியோ என்ற புரட்டஸ்தாந்த போதகரும் அவர் மனைவியும் 'மூன்று வாரங்கள்' என்னும் பெயரில் இத்தகைய பணியொன்றைத் தொடங்கினர். 1883இல் எட்மண்ட் கொத்தினே பாரிசுப் பாடசாலைச் சிறுவர்க்காக இதனை ஒழுங்கு செய்தார்.

இவ்வமைப்புக்களின் மொழி மருத்துவத்தின் மொழியாகவே இருந்தது. குழந்தைகள் புறப்படுமுன் நிறுக்கப்பட்டனர். திரும்பியதும் மீண்டும் நிறுக்கப்பட்டனர். கூடிய நிறையே பயணத்தின் பயனாகக் கணக்கிடப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தின் பின்னர் இடதுசாரிகளின் ஆட்சியிலிருந்த நகரசபைகள் இப்பணியைத் தம் பொறுப்பில் ஏற்றபோது அதன் தன்மை மாறத் தொடங்கியது. சோசலிசவாதியான ஆன்றி செலியே தலைமை தாங்கிய சுரேன் நகரசபை, சிறுவர்களை நியேவ்ர் பகுதியின் கிராமத்துக் குடும்பங்களிலே தங்கவைத்தது. கம்யூனிஸ்டுகளின் ஆட்சியிலிருந்த இவ்றி நகரசபை அத்திலாந்திக் கரையிலே தன் சிறுவர்களுக்கென விடுமுறைக் குடியிருப்பை அமைத்தது. இங்குத் தருமம் உரிமையாக மாறியது. எனினும் ஒரு குறை எஞ்சி நின்றது. குழந்தைகள் சென்றனர்; பெற்றோர் ஆலையிலேயே நின்றனர். தாயும் தந்தையும் குழந்தைகளும் ஒருங்கே செல்லக்கூடிய காலம் தொழிலாளர் வாழ்விலே இன்னும் தோன்றவில்லை.

1936ஆம் ஆண்டு யூன் மாதம்

1936 ஏப்பிரல், மே மாதங்களில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் சோசலிச, கம்யூனிச, றடிக்கல் கட்சிகள் இணைந்த மக்கள் முன்னணி வெற்றிபெற்றது. புதிய அரசாங்கம் பதவியேற்குமுன்னரே நாடெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் தொழிலாளர் இதிற் பங்குபற்றினர். பல ஆலைகளிலே அவர்கள் வெளியேறாது உள்ளேயே தங்கி, இரவிலும் ஆலையைத் தம் வசம் வைத்திருந்தனர். யூன் 4ஆந் திகதி லியோன் புளும் பிரதமரானார். யூன் 7ஆந் திகதி இரவு மத்தினியோன் மாளிகையிலே தொழிலதிபரும் தொழிற்சங்கத்தினரும் செய்துகொண்ட உடன்படிக்கை, கூலியை 7 முதல் 15 வீதம் வரை உயர்த்தியது. கூட்டொப்பந்தங்களையும் தொழிலாளர் பிரதிநிதிகளையும் அங்கீகரித்தது. யூன் 20ஆந் திகதிச் சட்டம், ஓராண்டுச் சேவை முடித்த தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் 15 நாட் சம்பள விடுமுறையை வழங்கியது. இதில் 12 நாட்கள் வேலைநாட்களாகும். அடுத்த நாளைய சட்டம் வாரத்துக்கு 40 மணித்தியால வேலையை விதித்தது.

இங்கு மனங்கொள்ளத்தக்கதொன்றுண்டு. சம்பள விடுமுறை, மக்கள் முன்னணியின் தேர்தல் வேலைத்திட்டத்திலே இடம்பெற்றிருக்கவில்லை. கட்சிகள் எழுதாத ஒன்றை வேலைநிறுத்தம் சட்டமாக்கியது எனலாம். நன்மை பயக்கும் சட்டங்கள் யாவும் ஆட்சியாளரின் முன்னோக்கினாலேயே பிறக்கின்றன என்று கருதுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

வழியும் வாகனமும்

காலம் கிடைத்தது, வழிச்செலவு எவ்வாறு கிடைப்பது? 15 நாட் கூலி 15 நாள் உணவுக்கே போதுமானது. விடுதிகளோ செல்வர்க்கென அமைந்தவை. இப்பிரச்சினையைத் தீர்க்கும் பொறுப்பு, விளையாட்டுக்கும் ஓய்வுநேர அமைப்புக்குமென நியமிக்கப்பட்ட உப அமைச்சரான லியோ லகிராஞ்சைச் சார்ந்தது. அப்போது அவருக்கு வயது 35. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அவரது பதவியைச் 'சோம்பலின் அமைச்சு' என எள்ளி நகையாடின.

லகிராஞ்ச் புகையிரதக் கம்பனிகளுடன் பேசி, ஆண்டு விடுமுறைக்கெனச் சலுகைச் சீட்டொன்றை ஏற்படுத்தினார். 1936 ஓகத்து மாதத் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்த இச்சீட்டு கட்டணத்தில் 40 வீதத்தைக் குறைத்தது. தொழிலாளி மட்டுமன்றி அவனது குடும்பத்தினரும் இதனாற் பயன்பெற்றனர் என்பதே அதன் சிறப்பு. முதற் கோடையில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இச்சீட்டிலே பயணஞ் செய்தனர். ஆலைகள் பல ஓகத்திலே ஒருங்கே மூடப்பட்டமையால், ஒரே தெருவின் குடும்பங்கள் ஒரே நாளிற் புகையிரத நிலையத்தை அடைந்தன.

தங்குமிடமே அடுத்த பிரச்சினை. இங்குதான் கூடாரம் முக்கியத்துவம் பெறுகின்றது. பொழுதுபோக்குக்காகக் கூடாரமடித்துத் தங்குதல் இங்கிலாந்திலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவிச்சக்கரவண்டிப் பயணிகளால் வளர்க்கப்பட்டது. பிரான்சிலும் 1910 முதல் இதற்கெனக் கழகமொன்று இயங்கியது. ஆனால் அது வசதிபடைத்த ஆர்வலரின் பொழுதுபோக்காகவே இருந்தது. 1936இன் பின்னர், விடுதிக்குக் கொடுக்கப் பணமில்லாதவரின் வீடாகக் கூடாரம் மாறியது. இருவர் ஏறிச்செல்லும் துவிச்சக்கரவண்டியில் கணவனும் மனைவியும் மிதிக்க, பக்கத்திலோ பின்னாலோ பொருத்தப்பட்ட சிறு தொட்டியிலே குழந்தையும் கூடாரமும் சமையற் பாத்திரமும் சேர்ந்து சென்ற காட்சி அக்காலத்தின் சின்னமாகிவிட்டது.

இதே காலத்தில் இத்தாலியிலும் ஜேர்மனியிலும் பாசிச அரசுகள் தொழிலாளரின் ஓய்வு நேரத்தை ஒழுங்கு செய்து வந்தன. ஹிட்லர் ஆட்சியின் 'மகிழ்ச்சியால் வலிமை' என்னும் இயக்கம் 1933 நவம்பரில் நிறுவப்பட்டது. அங்கு அரசே பயணத்தை வகுத்தது. அரசே பயணிகளை அணிதிரட்டியது. லகிராஞ்ச் இதற்கு மாறான கொள்கையைக் கொண்டிருந்தார். ஓய்வை எவ்வாறு கழிப்பதென்பதை உழைப்பாளியே தீர்மானித்தல் வேண்டும். அரசின் கடமை வசதிகளை அளிப்பதுடன் முடிகின்றது என்பதே அக்கொள்கை. ஒரு குடும்பம் தான் விரும்பிய ஆற்றங்கரையிலே கூடாரம் அடிப்பதிற்கூட ஓர் அரசியல் வேறுபாடு அடங்கியிருந்தது.

ஐதீகமும் உண்மையும்

1936ஆம் ஆண்டுக் கோடை பிற்காலத்தில் ஓர் ஐதீகமாகிவிட்டது. தொழிலாளர் அனைவரும் அவ்வாண்டிலேயே கடற்கரைக்குச் சென்றுவிட்டனர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் பெரும்பாலானோர் வீட்டிலேயே தங்கினர். அல்லது கிராமத்து உறவினர் வீடுகளுக்குச் சென்று அறுவடையிற் கைகொடுத்தனர். ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1938இல் யுவிசி என்னுமிடத்தில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்திலே, ஆற்றங்கரைப் புல்லில் அமர்ந்து உணவருந்துவோரைக் காண்கிறோம். சம்பள விடுமுறையின் சின்னமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அப்படம், பாரிசின் அயலிலே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதையே காட்டுகின்றது.

பெண்களின் நிலையும் தனித்து நோக்கத்தக்கது. சட்டம் கூலிபெறும் உழைப்புக்கே விடுமுறை வழங்கியது. வீட்டு வேலைக்குக் கூலியுமில்லை, ஆகவே விடுமுறையுமில்லை. கூடாரத்தின் வாயிலிலே சிற்றடுப்பு மூட்டியவரும், ஓடையிலே குழந்தைகளின் துணிகளைத் துவைத்தவரும் பெரும்பாலும் தாய்மாரே. இடம் மாறியது; வேலை மாறவில்லை.

பாடசாலை நாட்காட்டியின் மாற்றமும் உடனடியாக ஏற்படவில்லை. நீண்ட கோடை விடுமுறை அறுவடையையும் திராட்சை பறிப்பையும் தழுவி அமைந்தது. குடும்பங்கள் சேர்ந்து பயணஞ் செய்வதை முன்னிட்டுக் கல்வி அமைச்சர் ஜான் சே அதனை நீட்டினார். 1939இல் விடுமுறை யூலை நடுப்பகுதியிலேயே தொடங்கலாயிற்று. வயலின் காலத்தை ஒட்டியிருந்த பாடசாலை நாட்காட்டி ஆலையின் காலத்தையும் கருத்திற்கொள்ளத் தொடங்கியமை ஆழ்ந்த சமூக மாற்றமொன்றின் அறிகுறியாகும். தந்தையின் விடுமுறையும் பிள்ளையின் விடுமுறையும் ஒருங்கே அமைந்தாலன்றிக் குடும்பப் பயணம் என்பது இல்லை.

குற்றஞ்சாட்டப்பட்ட ஓய்வு

1940 யூனில் பிரான்சு ஜேர்மனியிடம் தோல்வியுற்றது. லகிராஞ்ச் அம்மாதம் 9ஆந் திகதி போர்முனையில் உயிர்நீத்தார். சில நாட்களின் பின்னர் மார்ஷல் பெத்தான் வானொலியில் உரையாற்றுகையில், தியாக உணர்வை இன்ப நாட்டம் மேவியதே தோல்விக்குக் காரணம் என்ற கருத்தை வெளியிட்டார். 1942 பெப்புருவரியில் றியோம் நகரிலே புளுமும் வேறு சிலரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். சமூகச் சட்டங்களால் நாட்டின் உற்பத்தியையும் ஒழுக்கத்தையும் குலைத்தமையும் புளும்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் அடங்கும். தொழிலாளி குழந்தையுடன் ஆற்றங்கரையிற் கழித்த 15 நாட்கள் இவ்வாறு தேசத் தோல்வியின் காரணங்களுள் ஒன்றாக்கப்பட்டன.

புளும் பின்வாங்கவில்லை. பாரிசின் புறநகர்ச் சாலைகளிலே துவிச்சக்கரவண்டிகளிற் செல்லும் உழைப்பாளர் குடும்பங்களைக் கண்ட போதெல்லாம், கடின வாழ்வினுள் சிறிது ஒளியைக் கொண்டுவந்ததாகத் தாம் உணர்ந்தமையையும், அவ்வோய்வு குடும்ப வாழ்வை வளர்த்தமையையும், எதிர்காலத்தில் நம்பிக்கையூட்டியமையையும் அவர் நீதிமன்றத்திலே எடுத்துரைத்தார். படைக்கல உற்பத்திக்கான பெருந்திட்டத்தைத் தமது அரசாங்கமே தொடங்கியது என்பதையும் நிறுவினார். குற்றஞ்சாட்டியோர்க்கே பாதகமாக மாறிய இவ்வழக்கு 1942 ஏப்பிரலில் இடைநிறுத்தப்பட்டது, தீர்ப்பு வழங்கப்படவேயில்லை.

சட்டமும் அழியவில்லை. 1956இல் மூன்றாம் வாரமும், 1969இல் நான்காம் வாரமும், 1982இல் ஐந்தாம் வாரமும் சேர்க்கப்பட்டன. 1936இல் மிகச் சிலரே பெற்ற அனுபவத்தை, மலிவான மோட்டார் வாகனமும் கூடாரத் தளங்களும் பெருகிய 1950கள், 1960களிலேயே பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்கள் பெற்றன.

முடிவுரை

பிரெஞ்சுச் சட்டம் பிறந்த அதே மாதத்திலே சர்வதேசத் தொழில் நிறுவனமும் ஜெனீவாவிற் சம்பள விடுமுறை பற்றிய சமவாயமொன்றை நிறைவேற்றியது. குறைந்தது ஆறு வேலைநாட்களையே அது விதித்தது. பதினாறு வயதுக்குட்பட்ட தொழிலாளர்க்குப் பன்னிரண்டு நாட்களை விதித்தது. குழந்தைகளே ஆலைகளில் உழைத்த காலம் அது என்பதை இவ்விதி நினைவூட்டுகின்றது. இலங்கையிலும் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் சம்பள விடுமுறைக்கு வழிவகுத்தன. பின்னைய சட்டம் வழங்கிய ஆண்டு விடுமுறை 14 நாட்களாகும்.

விடுமுறை நாட்களைச் சட்டத்தில் எழுதுவது முதற்படி மட்டுமே என்பது பிரெஞ்சு அனுபவத்தின் பாடம். அந்நாட்களிலே குடும்பம் ஒருங்கே புறப்படுவதற்குப் புகையிரதக் கட்டணம் குறைந்தது. பாடசாலை நாட்காட்டி மாறியது. கூடாரமடிக்க இடம் ஒதுக்கப்பட்டது. இவற்றை நிறைவேற்ற ஏறத்தாழக் கால் நூற்றாண்டு சென்றது. தொழிலாளரின் விடுமுறைக் காலத்தைப் பற்றிப் பேசும் எந்நாட்டவரும், அந்நாட்களில் அவர்தம் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.