துண்டும் விசுவாசமும்: மலையகத் தோட்டங்களில் சமயத் தெரிவு

1854இல் இலங்கையின் கோப்பித் தோட்டத் துரைமாரின் பணத்தில் தொடங்கி, சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) மேற்பார்வையில் வளர்ந்தது தமிழ்க் கூலி மிஷன். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு, லயம் லயமாக நடந்து பிரசங்கித்தார்கள். கேட்டவர்களோ தோட்டம் விட்டுத் தோட்டம் போகவும் வழியற்றவர்கள். கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் வேறெங்கும் வேலை கிடைக்காது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. தோட்டம் மாற முடியாதவர் மனமுவந்து சமயம் மாற முடியுமா?

அரிசிக்காக மாறினார்கள் என்பார் ஒரு சாரார். எல்லாம் ஆவியானவரின் செயல் என்பார் மறுசாரார். இரு விடையிலும் தொழிலாளியின் மனத்துக்கு இடமில்லை.

துரைமாரின் பணம் இருந்தும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் மாரியம்மனையும் காமன் கூத்தையும் விடவில்லை. துரையின் வேதத்தை மறுக்க முடிந்திருக்கிறது. மறுக்க வழியிருந்த இடத்தில் ஏற்றவரின் ஏற்பை வெறும் பணிவென்று தள்ளுவது நியாயமன்று. (ஊரிலிருந்தே கிறிஸ்தவராக வந்தவர்களும் உண்டு, அவர்கள் கதை வேறு.) வேதாகமத்தில், சீகேமில் யோசுவா இஸ்ரவேலர் முன் வைத்ததும் வேறு தெய்வங்களைச் சேவிக்கும் வழியையும் உள்ளடக்கிய தெரிவுதான். விசுவாசம் தன் இயல்பிலேயே சுயாதீனமான செயல் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிக்கையிட்டது.

தெரிவின் கனத்தை இன்றும் ஞாயிற்றுக்கிழமையில் பார்க்கலாம். அன்று தேயிலை மலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பு இருந்தால், எடுத்த கிலோவுக்குக் காசு. கூடையை லயத்து அறையான காம்பராவின் சுவரில் மாட்டிவிட்டு, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு ஆராதனைக்கு இறங்கும் பெண் அந்தக் காசை விட்டுவிட்டுத்தான் போகிறாள். அடுத்த காம்பராவில் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றுபவள் அவளுடைய அக்காவாகவும் இருக்கலாம். ஒரே லயத்தில், ஒரே வறுமையில் இரண்டு தெரிவுகள். வறுமை மட்டுமே முடிவு செய்திருந்தால் இருவரும் ஒரே பக்கம் போயிருக்க வேண்டும்.

இந்தத் தெரிவைக் காண மறுத்தது 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம். மதம் மாறியதைப் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. மாற்றப்பட்டவர் பெண்ணோ சிறுவரோ ஆனால் தண்டனை கூடும் என்றது. வளர்ந்த பெண்ணைச் சிறுவரோடு சேர்த்து எண்ணிய சட்டமூலம் அவளைக் காப்பதாகச் சொன்னது. எனக்கு அது அவமதிப்பாகவே படுகிறது. அறிவிக்கும் கட்டாயம் மதச் சுதந்திரம் பற்றிய அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்மானித்தது.

மிஷன் அறிக்கைகளில் ஞானஸ்நானம் பெற்றோரின் தொகை இருக்கிறது. ஏன் வந்தார்கள் என்பதற்கு அவர்கள் வாய்ச்சொல் அரிது. கொழுந்தெடுத்த தலைமுறையின் மூத்த பெண்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். மலையக ஆய்வாளர்கள் ஏற்றவர்களிடமும் மறுத்தவர்களிடமும் இப்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.