நான்கு தட்டுகளில் ஒரு மெட்டு

அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் டேவிட் ஆலன் கோ 1977-இல் வெளியிட்ட 'இஃப் தட் எய்ன்ட் கன்ட்ரி' பாட்டின் கடைசியில் ஒரு விளையாட்டு இருக்கிறது. நான்கு பழைய பாட்டுகளின் தலைப்புகளை எடுத்து, இடையிடையே சில சொற்களை வைத்துத் தைத்து, ஒரே வாக்கியம்போலப் பாடி முடிக்கிறார். மூத்தோருக்கு வைத்த வணக்கம் என்று அதை விட்டுவிடலாம். ஆனால் அந்த நான்கு பாட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் விஷயம் வேறு. நான்குக்கும் மெட்டு ஒன்றுதான்.

பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு இந்தக் கன்ட்ரி இசை அந்நியமில்லை. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ஜிம் ரீவ்ஸ் குரல் மாலைதோறும் கேட்கும். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பும் சேர்ந்துகொள்ளும். பாட்டு யாருடையது என்று அப்போது யாரும் கேட்டதில்லை. பிடித்திருந்தது, கேட்டோம். கேள்வி எனக்கு இப்போதுதான் வந்தது. வயதானால் ரசிகனுக்கும் பத்திர எழுத்தர் புத்தி வந்துவிடுகிறதுபோல.

நமது பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையிலேயே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். கடன் வாங்கியது ஊரறிந்த விஷயம், ஒளிக்க எதுவும் இல்லை. அமெரிக்க இசைத்தட்டின் லேபிளில் அந்த வரிக்கு இடமில்லை. அங்கே இருப்பது பாடியவர் பெயர், கம்பெனி பெயர், அப்புறம் அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயர். பணம் யாருக்குப் போகவேண்டும் என்பதை அந்த அடைப்புக்குறி சொல்லும். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. ஆகவே லேபிளை நம்பாமல், ஒலிப்பதிவுத் தேதிகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன்.

அந்த நான்கில் ஒன்றான, ஹாங்க் தாம்ப்சன் கேப்பிட்டல் கம்பெனிக்குப் பாடிய 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' 1952-இல் பில்போர்ட் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. அடைப்புக்குறிக்குள் வில்லியம் வாரன், ஆர்லி கார்ட்டர். அதற்கு முன்னால் 1936 அக்டோபர், சிகாகோ: ராய் அகஃப் பதிவுசெய்த 'தி கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்'. பைபிளில் எரேமியா 12:9-இல் வரும் பலவருணப் பறவையைத் திருச்சபையாக்கிய பக்திப் பாட்டு அது. சொற்களை நாக்ஸ்வில்லில் இன்னொரு பாடகரிடமிருந்து அகஃப் எழுதி வாங்கினார். 1938-இல் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியின் மேடையில் அவரை நிலைநிறுத்தியதும் இதே பாட்டுதான். ஜெபக்கூட்டத்துக்கான மெட்டு பதினாறு வருடத்தில் தாம்ப்சனின் பாட்டோடு சாராயக்கடைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அல்லது திரும்பிவந்தது என்றும் சொல்லலாம். ஏனென்றால் 1929 பிப்ரவரியில் கார்ட்டர் குடும்பம் விக்டர் கம்பெனிக்குப் பாடிய 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை புளூ ஐஸ்' அப்பட்டமான காதல் பிரிவுப் பாட்டு.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். கார்ட்டர் குடும்பத்தை 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் கண்டெடுத்த ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பீர், விக்டரிடம் பெரிய சம்பளம் கேட்கவில்லை. பாட்டுகளின் பதிப்புரிமையைத் தன் வசம் வைத்துக்கொள்வதுதான் அவர் போட்ட ஒப்பந்தம். பதிப்புரிமை கிடைக்க, பாட்டு யாரோ ஒருவரின் பெயரில் பதிவாகவேண்டும். அதனால் அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டு தேடி அலைந்தார். கிடைத்ததைச் செப்பனிட்டுத் தன் பெயரில் பதிவுசெய்தார். கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் சொற்களைத் தாளில் எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் ஏற்றிக்கொள்வார். தட்டுகளில் ரிடில் பெயர் இல்லை. 1960-களில் நாட்டார் இசைக் கலைஞர் மைக் சீகர் தேடிக் கண்டுபிடித்துப் பதிவுசெய்திராவிட்டால் அவர் குரலும் நமக்கு மிஞ்சியிருக்காது.

கார்ட்டர்களுக்கும் முன்னால் 1925-இல் இதே மெட்டில் ஒரு தட்டு இருக்கிறது. வெல்பி டூமியும் எட்கர் போவாஸும் ஜெனட் கம்பெனிக்குப் பாடிய 'த்ரில்ஸ் தட் ஐ கான்ட் ஃபர்கெட்'. இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்டில், பியானோ தொழிற்சாலை வளாகத்தில் இருந்தது அந்த ஒலிப்பதிவுக்கூடம். பக்கத்திலேயே தண்டவாளம், ரயில் போனால் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். ரயில்வே காலனிக்காரனுக்கு இந்தத் தகவல் கிடைத்ததில் தனி சந்தோஷம்.

அதற்கப்பால் தட்டு இல்லை. இந்த மலைநாட்டு இசையைக் கம்பெனிகள் மதித்துப் பதிவுசெய்யத் தொடங்கியதே 1922, 1923-இல்தான். 1925 என்பது மெட்டு பிறந்த வருடமல்ல, இயந்திரத்தின் கையில் அது சிக்கிய வருடம்.

இத்தனை பழைய தட்டுகள் தேடுகிறவன் கைக்கு எட்டுவதில் ஜான் எட்வர்ட்ஸுக்குப் பங்குண்டு. ஆஸ்திரேலியர். அமெரிக்காவில் ஒருமுறைகூடக் கால் வைக்காதவர். கடிதம் எழுதியே பழைய பாடகர்களைத் தேடிப்பிடித்து, இந்த இசையைச் சேகரித்தார். 1960-இல் கார் விபத்தில் இறந்தபோது வயது 28. அவர் விருப்பப்படி அந்தச் சேகரிப்பு அமெரிக்கா வந்தது. முதலில் லாஸ் ஏஞ்சலஸ், 1983-இலிருந்து சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம்.

கோ கோத்த தலைப்புகளில் இன்னும் ஒன்று பாக்கி: கிட்டி வெல்ஸ் பாடிய 'இட் வாஸ்ன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்'. அடைப்புக்குறிக்குள் ஜே.டி. மில்லர். தாம்ப்சனின் அதே 1952, அதே மெட்டு, உரிமை மட்டும் வேறு ஆளுக்கு. மற்ற மூன்றிலும் மெட்டு கையருகே கிடந்ததால் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதில் வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். வீட்டைவிட்டுக் கேளிக்கை விடுதிக்குத் திரும்பிய பெண்ணைத் தாம்ப்சனின் பாட்டு குற்றம் சொல்கிறது. அதை ஜூக்பாக்ஸில் கேட்டபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவளை அங்கே தள்ளியது கடவுளல்ல, கல்யாணத்தை மறந்து திரியும் ஆண்கள்தான் என்று அவன் மெட்டிலேயே திருப்பிக் கொடுக்கிறாள். அசல் எசப்பாட்டு. வேறு மெட்டில் பாடியிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது.

என்.பி.சி. வானொலி பாட்டைத் தடைசெய்தது. ஆப்ரி மேடையும் முதலில் அனுமதிக்கவில்லை. ஆனாலும் ஆறு வாரம் அது பில்போர்டில் முதலிடத்தில் இருந்தது. கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடி அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் வெல்ஸ்தான். மே மாதம் நாஷ்வில்லில் அந்தப் பதிவுக்கு அவர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், பாடுகிறவருக்குக் கிடைக்கும் 125 டாலர் கூலி.