பாகூர் வித்தியாஸ்தானமும் ஏம்பலத்து இரண்டாம் வாயிலும்

பாகூர் என்றவுடன் நம் இளைஞர்களுக்கு ஏரியும் நெல் வயலும் நினைவுக்கு வரும். அவ்வூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உயர்கல்விக் கூடம் ஒன்று விளங்கியதென்பதை அறிந்தோர் சிலரே. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெளியிடப்பெற்ற பாகூர்ச் செப்பேடுகள் அதற்குச் சான்றாகும். சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் பாகூர் வித்தியாஸ்தானத்திற்குக் கல்விக் கொடையாக வழங்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. வேதம், வேதாங்கம், மீமாஞ்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம் எனப் பதினான்காக எண்ணப்பட்ட வித்தைகளுக்கு அவ்விடம் இருப்பிடமாயிற்று.

வரலாற்று நூல்கள் இதனைப் பெருமையோடு எடுத்துரைக்கும். எடுத்துரைக்கத் தக்கதே. ஆயினும் நம் சமுதாயத்தார் இச்செப்பேட்டைப் படிக்கும்போது வேறொரு வினாவும் உடன் எழுதல் இயல்பு. மூன்று ஊர்களின் விளைச்சலால் வளர்ந்த அக்கல்வி யாருக்கு உரியதாயிற்று? அது வேதம் ஓதும் மறையோர்க்கே உரியது. அவ்விளைச்சலுக்காகச் சேற்றில் இறங்கி உழைத்தோரின் பிள்ளைகள் அக்கூடத்தின் வாயிலை நெருங்கியிருக்கவும் இயலாது.

இதனால் உழைத்தவரிடம் அறிவே இல்லையென்று கொள்ளுதல் பெரும் பிழை. தமிழகத்து ஏரிப் பாசன ஊர்கள் பலவற்றில் மதகு திறந்து வயலுக்கு வயல் நீர் பங்கிடும் நீர்க்கட்டிப் பணி தாழ்த்தப்பட்ட மக்களிடமே இருந்து வந்தது. ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது, அது எத்தனை நாள் வரும், எந்த மடையை எப்போது அடைக்க வேண்டும், கடைமடைக்கு நீர் சேர எத்தனை நாழிகை ஆகும் என்பவற்றை அவர் ஏட்டைப் பாராமலே அறிவார். கரையில் கசிவு கண்டால் இரவென்றும் பாராது ஓடியவரும் அவரே. இன்று பொறியியற் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் நீர் மேலாண்மையில் ஒரு பகுதியை அவர் தம் காலடியால் கற்றிருந்தார். எனினும் அந்நீர் பாய்ந்த நிலத்தில் அவருக்கென ஒரு காணியும் இருந்ததில்லை. களத்தில் அளந்து தரப்பட்ட கூலி நெல்லே அவர் கண்ட ஊதியம். அறிவு ஒருவரிடமும் அதன் பயன் வேறொருவரிடமும் தங்கிவிடுதல் நம் நாட்டில் புதுமையன்று.

பிரெஞ்சு ஆட்சியின்போது ஒரு கதவு சிறிது திறந்தது. 1873 ஆம் ஆண்டு, புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர் போன்று காலணி அணிந்து நீதிமன்றம் சென்றமைக்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் பாரீசு வரை முறையிட்டு வென்றார். 1881 செப்டம்பர் 21 இல் வெளிவந்த ஆணை, இந்தியர் தம் சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்க வழிவகுத்தது. அவ்வாறு துறந்தவர் புதுப்பெயர் சூடினர். பொன்னுத்தம்பி கொண்ட பெயர் 'லாபோர்த்', அதாவது 'வாயில்'. அவர் நம் சமுதாயத்தவர் அல்லர்; ஆயினும் அவ்வழியே சென்றோருள் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவருமே மிகுதி. சட்டம் மாறியபின்னும் சேரி சேரியாகவே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

பாகூருக்குத் தெற்கே, கடலூரையும் கடந்து, சிதம்பரத்தில் 1916 ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி கண்டார். கோயிலுக்குள் புக இயலாது நின்ற நந்தனாரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பிறர் கூடத்தில் இடம் கேட்டு நிற்பதைவிடத் தமக்கென ஒரு கூடம் எழுப்புவதே அவர் கண்ட வழி. நம்முடையது போன்ற கல்விச் சங்கங்கள் அவ்வழியில் வந்தவையே.

இனி வில்லியனூருக்கு வருவோம். 1998 இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு உதவியுடன் அங்கு ஒரு தலைமை நிலையம் அமைத்து, சுற்றுப்புற ஊர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி இணைப்பு அரிதாயிருந்த காலம் அது. ஆதலின் கம்பியில்லா வானொலிக் கருவி வழியே வில்லியனூரிலிருந்து ஊர்களுக்குச் செய்தி சென்றது. மின்தடைக்கு மாற்றாகச் சூரிய ஒளித் தகடுகள் வைக்கப்பட்டன. இடமும் தொண்டர்களும் ஊராரின் பொறுப்பு; கருவிகள் நிறுவனத்தின் பொறுப்பு. நெல் விலை, உர விலை, மருத்துவச் செய்தி, அரசின் நலத்திட்டங்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் பட்டியல் ஆகியன தமிழில் கிடைத்தன. இவற்றுள் இறுதியானதே நமக்கு மிகவும் வேண்டியது. அதுவரை தன் பெயர் பட்டியலில் உண்டா, இல்லையா என்பதை அறிய ஒரு கூலித் தொழிலாளி அலுவலக வாயிலில் எத்தனை நாள் நிற்க நேர்ந்ததென்பதை நம் பெற்றோர் அறிவர்.

மையம் எங்கு அமைதல் வேண்டும் என்பதே கடினமான வினாவாயிற்று. எச்சாதியாரும், ஆணும் பெண்ணும், தடையின்றி வந்து செல்லும் இடமே வேண்டுமென்பது நிறுவனத்தின் நிபந்தனை. ஏம்பலத்தில் கோயிலின் ஒரு பக்கத்தை ஊர்ப் பெரியோர் அளித்தனர். இவ்வாறு அக்கோயிலுக்கு இரண்டு வாயில்கள் ஆயின. ஒன்றின் வழியே வழிபாட்டிற்குச் செல்லத் தாழ்த்தப்பட்டோர்க்கும் விலக்கான பெண்களுக்கும் அனுமதி இல்லை. மற்றொன்றின் வழியே கணிப்பொறியை நாடி எவரும் செல்லலாம். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க நாளேடு ஒன்று இதனை உலகுக்கு அறிவித்தது.

இதனைப் புரட்சியென்று போற்றியோர் உண்டு. அப்போற்றுதலில் பாதியையே நாம் ஏற்க இயலும். சாதிக் கட்டுப்பாட்டைக் கணிப்பொறி கரைக்கவில்லை. அதன் அருகிலேயே ஒரு விலக்கைப் பெற்றுத் தந்தது. அவ்விலக்கும் தானாக வரவில்லை, நிபந்தனை விதிக்கப்பட்டமையால் வந்தது. நிபந்தனையின்றி அதே கருவி இறக்கப்பட்டிருந்தால், ஊர்த்தெருவில் வசதியானவர் வீட்டுத் திண்ணைக்கே அது சென்றிருக்கும்.

அம்மையங்களில் ஒலிபெருக்கியும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் பணியாற்றிய நல்லவாட்டு இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைபேசியில் வீட்டாருக்குத் தெரிவித்தார். மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். ஒலிபெருக்கியின் குரல் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் ஒன்றுதான்.

இப்பொழுது கருவி கோயிலை நாடி இருக்கவில்லை, சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஆயினும் 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைப்பேசிக்கு மாறியபோது, நம் குடியிருப்புகளின் நிலையை நாம் கண்டோம். பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதற்கு இரண்டு, மூன்று பிள்ளைகள். தந்தை காலையில் வேலைக்குப் புறப்பட்டால், வகுப்பறையும் அவரோடு புறப்பட்டது.